சதுரத்துக்கு வெளியே விழுந்த வெளிச்சம்

அவளுக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு. இதை அவளே மறுக்கமாட்டாள். பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையை, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போலத் தனியாகத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேருவாள். ஒருவர் கடித்த பேனா மூடியை இன்னொருவர் வாயில் வைப்பதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பெருமையாகவே வாங்கிக்கொண்டாள்.

பெருமைப்பட வேண்டிய இடம்தான் அது. மின்பொறியியல் துறையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. விலையைக் கேட்டால் தலை சுற்றும் கருவிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே மனிதர்கள் வாழ்ந்த லட்சணத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. கீபோர்டு இடுக்குகளில் பிஸ்கட் தூள். நுண்ணோக்கியில் கண் வைக்கும் இடத்தில் யாருடைய கண்மையோ அப்பிக் காய்ந்திருக்கும். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பிடிக்கும் இடுக்கியால் ஒருவன் காலில் குத்திய சிலாம்பை எடுத்துவிட்டு, அதைத் துடைக்காமல் டப்பாவில் போட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். கேட்டால், "அதான் சின்ன சிலாம்புதானே" என்று பல்லைக் காட்டினான். இவர்கள்தான் உலகத்துக்கே துல்லியம் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள்.

அவள் அங்கே வந்தது சர்க்யூட் செய்ய. அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சர்க்யூட். மற்ற பெண்கள் நகைக்கடையில் மயங்குவதுபோல அவள் சிக்கனத்தில் மயங்குவாள். ஒரு துளி மின்சாரமும் எங்கும் கசியாமல், தேவையில்லாத நேரத்தில் ஒவ்வொரு பகுதியும் தூங்கி, தேவைப்படும்போது மட்டும் விழித்து வேலை பார்க்கும் சர்க்யூட்டைக் காகிதத்தில் வரையும்போது அவள் முகத்தில் ஒரு சாந்தம் வரும். அவள் பார்வையில், கசிவு என்பது அழுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கூடத்தில் அவளுக்கு முன்பே ஒருவன் இருந்துவிட்டுப் போயிருந்தான். எல்லோரும் அவனை ரெக்கார்டு என்றே சொன்னார்கள். அவன் செய்தது ஒளி உணரி: நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு சில்லு, அதன் நடுவே இரண்டு தங்கக் கோடுகள், கோடுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிச் சதுரம். அந்தச் சதுரத்தில் மங்கலான வெளிச்சம் பட்டாலே போதும், மின்சாரம் கொட்டுகிறது என்று அவன் பேப்பர் எழுதினான். அந்த வகை உணரியில் அதுவரை எவரும் காணாத எண் அது. அவனுக்கு அந்த எண்ணால் வெளியூரில் பெரிய வேலை கிடைத்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு, அதாவது எல்லோரும் சார் என்று அழைக்கும் மனிதருக்கு, அதே எண்ணால் பதவி உயர்வு, புதுக் கருவிகள், மாநாட்டு மேடைகள் என்று எல்லாம் கிடைத்தன. அந்த எண்ணைக் காட்டும் வரைபடத்தைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருந்தார். குடும்பப் படத்தைக்கூட யாரும் அவ்வளவு பெரிதாக மாட்டமாட்டார்கள்.

அவளுக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபம். ரெக்கார்டின் உணரியையும் அவளுடைய சர்க்யூட்டையும் ஒரே மூடிக்குள் சேர்க்க வேண்டும். முத்திரை வைத்து அனுப்பும் மருந்துப் பெட்டிக்குள் அதை ஒட்டிவிட்டால், இருட்டில் வருடக்கணக்கில் தூங்கும். வழியில் எவனாவது பெட்டியைத் திறந்து துளி வெளிச்சம் உள்ளே விழுந்தால் விழித்துக்கொண்டு குறித்து வைக்கும். அது விழித்தால் அவளுக்கு முனைவர் பட்டம். விழிக்காவிட்டால் இல்லை.

அது விழிக்கவில்லை.

மேசையில் உணரியைத் தனியாக வைத்து விளக்கைக் காட்டினால் மின்சாரம் ஜோராக வந்தது. சர்க்யூட்டைத் தனியாகச் சோதித்தால் அதுவும் தங்கமாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்து, மேலே ஜன்னல் வைத்த உலோக மூடியைப் பொருத்தினால் கும்பகர்ணத் தூக்கம். வந்து சேர வேண்டிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட சர்க்யூட்டுக்கு வரவில்லை.

"உன் சர்க்யூட் கரண்டத் தின்னுதும்மா," என்றார் சார். கோபமே இல்லாமல், வாயெல்லாம் சிரிப்பாக. "டிடெக்டர் உலகத்துக்கே தெரிஞ்ச டிடெக்டர். அதுல தப்பு இருக்க முடியுமா? எங்கயோ லீக் ஆகுது. உன் பக்கம் பாரு."

அவள் தன் பக்கம் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கசிகிறது என்று அவளிடம் சொல்வது, உன் சமையலறையில் புழு இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். சர்க்யூட்டை முழுவதும் கலைத்துப் புதிதாக வரைந்தாள். சிப்பை வெளியே கொடுத்து அடித்து வாங்க மாதக்கணக்கில் ஆகும். வந்தது. மூடியைப் போட்டாள். தூங்கியது. மறுபடி வரைந்தாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடி தூங்கியது. வாராந்தரக் கூட்டத்தில், இடுக்கியால் சிலாம்பு எடுத்தவனெல்லாம் அவளுக்குக் கசிவைப் பற்றி வகுப்பெடுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தாள்.

வீட்டில் கணவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், நல்ல மனிதன், கிண்டல்காரன். "உன் சிப்பு மாதிரி தூங்கறதுக்கு எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது குடுத்து வச்சிருக்கா?" என்பான். மாமியார் அவர்களோடுதான் இருந்தார். அவருக்கு மருமகள் ஏதோ விளக்கு செய்கிறாள் என்ற எண்ணம், எத்தனை முறை விளக்கினாலும் மாறவில்லை.

"என்னம்மா, இன்னும் எரியலையா?"

"அது எரியற விளக்கு இல்ல அத்தை. வெளிச்சம் பட்டா முழிச்சுக்கணும்."

"எங்க வீட்டுச் சேவலே அதைத்தான் செஞ்சுட்டிருந்தது. அதுக்கு யாரும் பட்டம் குடுக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கணவன் தனக்கு வந்த மாற்றல் உத்தரவை அவளுக்காக இரண்டு முறை மறுத்திருந்தான். குழந்தை பற்றிய பேச்சை, முடிச்சிடட்டும் முடிச்சிடட்டும் என்று மாமியார் அக்கம்பக்கத்தாரிடம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கோ தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கையெழுத்துப் போடும்போதுகூட எழுத்து சரியா என்று இரண்டாம் முறை பார்க்கத் தொடங்கினாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் அந்த வருடத்தோடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

விஷயம் வெளிப்பட்டது அவளுடைய அருவருப்பால்தான். ஒருநாள் சார் யாரோ விருந்தாளிகளைக் கூட்டிவந்து, க்ரீம் பிஸ்கட்டைத் தின்ற கையோடு உணரியை எடுத்துத் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், உணரியின் மேலிருந்த மெல்லிய காப்புக் கண்ணாடியில் கொழகொழவென்று ஒரு பெருவிரல் ரேகையின் நுனி. அவளுக்குக் குமட்டியது. நல்ல வேளையாக அது நடுவிலிருந்த குட்டிச் சதுரத்தின் மேல் இல்லை, ஓரமாக, வெகு தள்ளி இருந்தது. அளவீட்டுக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை என்று வேறு எவராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவளால் விட முடியுமா? விளக்கு எரிய, மீட்டர் ஓட, பஞ்சுக் குச்சியில் திரவத்தைத் தொட்டு அந்த ரேகையைத் துடைத்து எடுத்தாள்.

மீட்டரில் மின்சாரம் ஏறியது.

அவள் குச்சியும் கையுமாக நின்றாள். விளக்கை யாரும் தொடவில்லை. சதுரத்தை யாரும் தொடவில்லை. சதுரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையைத் துடைத்ததற்கு எதற்காக மின்சாரம் ஏற வேண்டும்?

கறுப்பு டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, சதுரத்தை மட்டும் திறந்துவிட்டு, அதைச் சுற்றிலும் இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு துண்டு ஒட்டும்போதும் மீட்டர் இறங்கியது. கடைசியில் சதுரம் மட்டும் வெளிச்சத்தில் இருந்தபோது, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்து நின்றது. அவளுடைய உலோக மூடிக்குள் இத்தனை காலமாக எந்த எண் வந்துகொண்டிருந்ததோ அதே எண்.

இதை மாமியாருக்கே புரியும்படி சொல்லலாம். மொட்டை மாடி முழுவதும் பெய்த மழை ஒரு குழாய் வழியாக ஒரு வாளியில் விழுகிறது. வாளி நிரம்பி வழிகிறது. வாளியின் வாயை மட்டும் அளந்து, இத்தனூண்டு இடத்தில் இவ்வளவு தண்ணீர் என்றால் எப்பேர்ப்பட்ட மழை என்று ஒருவன் பேப்பர் எழுதினால் எப்படி இருக்கும்? ரெக்கார்டு செய்தது அதுதான். ஒளியை உணரும் படலம் சில்லு முழுவதும் பரவியிருந்தது. விளக்கு சில்லு முழுவதையும் நனைத்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் மின்சாரம் தங்கக் கோடுகளுக்கு வந்து சேர்ந்தது. கணக்கில் மட்டும் குட்டிச் சதுரம். அவளுடைய மூடியின் ஜன்னல் அந்தச் சதுரத்தின் அளவுக்கே வெட்டப்பட்டிருந்ததால் மாடி மறைந்து வாளி மட்டும் நனைந்தது. அவள் சர்க்யூட்டில் ஒரு கசிவும் இல்லை. முதல் சிப்பிலேயே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் பாதி, மீதி என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்ப நீ மக்கு இல்லையா? நான் எங்க ஆஃபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றான். அவள் அவனைக் கரண்டியால் அடித்தாள்.

மறுநாள், டேப் ஒட்டி எடுத்த அளவுகளின் வரைபடத்தோடு சார் அறைக்குப் போனாள். அவருக்கு அதிர்ச்சியாக இருக்கும், பாவம், எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அவர் வரைபடத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தெரியும்மா," என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. "எது சார் தெரியும்?"

"டிடெக்டர் செஞ்சவனே போறதுக்கு முன்னாடி சொன்னான். பேப்பர் அச்சாகிடுச்சு, என்ன பண்றது? இந்தத் துறையில பாதிப் பேரு இப்படித்தான் கணக்குப் போடறான். நாம மட்டும் அரிச்சந்திரனா இருந்து என்ன லாபம்?"

"அப்ப ஏன் சார் என் சர்க்யூட் லீக்குன்னு..."

"சர்க்யூட்ட நல்லா இறுக்கிட்டா குறைஞ்ச கரண்ட்லயும் முழிச்சுக்குமேன்னு பாத்தேன். அப்ப யாருக்கும் பிரச்சினை இல்ல பாரு. நீயும் கெட்டிக்காரிதான், முடிப்பேன்னு நெனச்சேன்."

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தெரிந்தே அவளை விட்டிருக்கிறார். அவள் வரைந்து கலைத்து, காத்திருந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டு கிடந்த அத்தனை காலமும் இந்த மனிதர் எதிரே உட்கார்ந்து, உன் பக்கம் பாரு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிஸ்கட் தூளும் காய்ந்த கண்மையும் விரல் ரேகையும் எல்லாம் துடைத்தால் போகிற அழுக்கு. எதிரில் இருந்தது அந்த ஜாதி அல்ல. ஒரு மனிதரைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்தது அதுவே முதல் தடவை.

சார் அவளுக்கு ஒரு வழியும் வைத்திருந்தார். கடையில் விற்கும் சாதாரண ஒளி உணரி ஒன்றை வாங்கி அவள் சர்க்யூட்டோடு சேர்த்துவிட வேண்டியது. அது விழித்துக்கொள்ளும், சந்தேகமே இல்லை. தீசிஸ் சர்க்யூட்டைப் பற்றியது மட்டும். டேப் ஒட்டிக் கண்டுபிடித்ததை அத்தியாயமாக எழுத வேண்டாம். மேசையில் ஏற்கெனவே இருந்த அவளுடைய தீசிஸ் வரைவை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னுரையில் ஒரு இடத்தில் ஈரவிரல் நின்றது.

"இந்த பாரா மட்டும் இருக்கட்டும். நம்ம லேப்போட உணரி உலக சாதனை படைச்சதுன்னு வருதே, அது. லேப்ல எல்லாரும் போடறதுதான். இத எடுத்தா கமிட்டில ஏன்னு கேப்பாங்க. அப்புறம் எனக்கும் உனக்கும் சங்கடம்."

வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவள் முடியாது என்றாள், கமிட்டியில் போட்டு உடைக்கப் போகிறேன் என்றாள், அந்த வரைபடத்தை வராந்தாச் சுவரிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போடப் போகிறேன் என்றாள். கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "செய். நான் கூட நிக்கறேன்," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா முன்னுரையெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்றான்.  மாமியார் தான் இன்னும் தொடாத தன் பங்கை அவள் தட்டில் எடுத்து வைத்தார். மருமகளுக்கு எச்சில் ஆகாது என்று தனிக் கரண்டியால் எடுத்து வைத்தார். அந்தக் கரண்டியைப் பார்த்ததும் அவள் அடங்கிப் போனாள். இவர்கள் எத்தனை காலம்தான் தன்னைத் தாங்குவார்கள்?

பாரா இருந்தது. அத்தியாயம் போயிற்று. கடை உணரியோடு சேர்த்ததும் சர்க்யூட் முதல் தடவையிலேயே விழித்தது. கமிட்டி பாராட்டியது. சார் அவளைத் தன் மகள் மாதிரி என்றார். நன்றியுரையில் அவர் பெயரை முதலில் போட்டிருந்தாள், அதுவும் எல்லோரும் போடுவதுதான். எழுதி முடித்ததும் போய்க் கையைக் கழுவினாள்.

பிறகு அவள் வாழ்க்கை நன்றாகத்தான் நடந்தது. வேறு ஊருக்கு மாறினார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஒரு கல்லூரியில் ஆசிரியையாகி, சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்தாள். அங்கே தின்பண்டத்தோடு எவரும் நுழைய முடியாது. அவள் மாணவர்கள் எதை அளந்தாலும், எவ்வளவு இடத்தில் வெளிச்சம் விழுகிறது என்பதை முதலில் அளந்து காட்ட வேண்டும். காட்டாதவன் கதி அதோகதி. கண்டிப்பான மேடம், நாணயமான மேடம் என்று பெயர். அந்தப் பெயர் காதில் விழும்போது மட்டும் அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

ஒருநாள் மதியம், வகுப்பு முடிந்து அவள் தன் அறையில் இருந்தபோது போன் வந்தது. எங்கோ தொலைவில் படிக்கும் ஆராய்ச்சி மாணவி. மிகவும் பணிவான குரல்.

"மேடம், உங்க தீசிஸ் படிச்சுதான் நான் இந்த டாபிக்கே எடுத்தேன். முன்னுரையில ஒரு டிடெக்டர் பத்தி எழுதியிருக்கீங்கல்ல, அதே மாதிரி நாங்களும் செஞ்சோம். மேசையில வச்சா நல்லா வருது மேடம். சர்க்யூட்டோட மூடி போட்டா கரண்ட்டே இல்ல. மூணு தடவ சிப்ப மாத்திட்டேன். என் சர்க்யூட்தான் லீக்குன்னு எங்க சார் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. என் தப்பு எங்கன்னு நீங்க பாத்துச் சொல்ல முடியுமா?"

"உங்க சர்க்யூட்ல தப்பு இல்லம்மா," என்றாள் அவள்.

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. 

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படலம் சில்லு முழுவதும் பரவியிருப்பது, சதுரத்துக்கு வெளியே விழும் வெளிச்சம், டேப்பை எப்படி வெட்டி எங்கிருந்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது வரை. அந்தப் பெண் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மேடம்?"

இப்போதுதான், நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. நம்பவும் நம்பியிருப்பாள்.

"தீசிஸ் எழுதறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"ஆமா."

"சரிங்க மேடம். தேங்க்ஸ் மேடம்," என்றது அந்தக் குரல், பணிவு சிறிதும் குறையாமல். போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அங்கே யாரோ ஒரு தோழி, "என்னடி சொன்னாங்க?" என்று கேட்பதும், அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவதும் தெளிவாக வந்தன.

"தெரிஞ்சே எழுதினாங்களாம். ரெண்டரை வருஷம்டி. சீ, என்ன மனுஷங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லில் திருத்துவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.